நான்கு மடங்குப் பார்வை

பழைய ராணுவ பைனாகுலர் ஒன்று கைக்கு வந்தால் எடுத்த எடுப்பில் கண்ணில் வைத்துப் பார்க்காதீர்கள். திருப்பிப் பிடித்து, முன்பக்கத்துப் பெரிய லென்ஸை விளக்கு வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் வானவில் நிறத்தில் மெல்லிய வளையங்கள் தெரிந்தால், உள்ளே சேர்த்து ஒட்டப்பட்ட கண்ணாடிகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய ஆரம்பித்துவிட்டன. மஞ்சள் பாரித்திருந்தால், ஒட்டிய பிசினுக்கு வயதாகிவிட்டது. கனடா பால்சம் என்பது அந்தப் பிசினின் பெயர். வட அமெரிக்காவின் பால்சம் ஃபர் மரத்தில் எடுப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லென்ஸ் ஒட்டுகிறவர்கள் பெரிதும் நம்பியிருந்தது அதைத்தான். இந்த இரண்டு குறையும் இல்லையென்றால் பிறகு விலை பேசலாம். குழலின் மேல் எந்தத் தளபதியின் பெயர் பொறித்திருந்தாலும் அது அப்புறம்தான்.

சொந்த ஊர் ஆம்பூர். லண்டனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பகலெல்லாம் மற்றவர்களுடைய கண்ணுக்கு லென்ஸ் பொருத்துகிறவன், ஓய்வு கிடைத்தால் நூற்றைம்பது ஆண்டு பழைய லென்ஸ்களைத் தேடிப் போகிறேன். நான் சேர்ப்பது 1850க்கும் 1900க்கும் இடைப்பட்ட ராணுவ பைனாகுலர்கள், அதாவது அந்தக் காலத்து அதிகாரிகள் ஃபீல்டு கிளாஸ் என்று சொன்னவை. பணக்காரர்களுக்கு மட்டுமான பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பெர்மண்ட்சி சதுக்கத்திலும், சனிக்கிழமை போர்ட்டொபெல்லோ சாலையிலும் கூடும் பழம்பொருள் சந்தைகளில் நான் வாங்கியவை பெரும்பாலும் 50 பவுண்டுக்கு உட்பட்டவை. அன்றைக்கு ஏராளமாகச் செய்து விற்ற சாமான் என்பதால் இன்றும் கிடைக்கிறது.

முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்று கடையில் வாங்கும் பைனாகுலருக்குள் முப்பட்டகக் கண்ணாடிகள் இருக்கும். பழைய ஃபீல்டு கிளாஸில் அவை கிடையாது. முன்னால் ஒரு குவிலென்ஸ், கண்ணருகே ஒரு குழிலென்ஸ், இடையில் நேரான குழல், அவ்வளவுதான். கலிலியோ வானத்தைப் பார்த்த தொலைநோக்கியும் இதே அமைப்புதான். அப்படி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாலம் போட்டு இணைத்திருப்பார்கள். பிம்பம் தலைகீழாகாமல் நேராகவே தெரியும் என்பது இதன் வசதி. குறை என்னவென்றால், உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்டப் பார்வைப் பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். அதனால் மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரைதான் செய்தார்கள். நான்கு மடங்குக் கண்ணாடியில் பார்த்தாலே சாவித்துவாரம் வழியாக அடுத்த அறையைப் பார்ப்பது போல இருக்கும்.

இரு கண்ணால் பார்க்கும் கருவி வேண்டும் என்ற யோசனை தொலைநோக்கி பிறந்த நாளிலேயே பிறந்துவிட்டது. 1608இல் ஹான்ஸ் லிப்பர்ஹே தன் தொலைநோக்கிக்கு உரிமை கேட்டு ஹாலந்து நாட்டு ஆட்சி மன்றத்தை அணுகியபோது, இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் செய்து காட்டு என்றார்கள். அவரும் செய்து கொடுத்தார். ஆனால் அது பரவலாகப் புழக்கத்துக்கு வர இரண்டு நூற்றாண்டு பிடித்தது. 1823இல் வியன்னாவில் ஃபோக்ட்லண்டர் நிறுவனம் நாடகம் பார்ப்பதற்கான இரட்டைக் கண்ணாடியைக் கொண்டுவந்தது. 1825இல் பாரிஸில் லெமியேர் என்பவர் நடுவில் ஒரே திருகு வைத்து இரண்டு குழல்களையும் ஒன்றாக நீட்டிச் சுருக்கும் வழியைக் கண்டார். அந்த நடுத்திருகு வந்த பிறகுதான் குதிரைமேல் இருப்பவன் ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பார்வையைச் சரி செய்ய முடிந்தது. அதற்கு முன்பு ராணுவத்தில் இருந்தது ஒற்றைக்குழல் தொலைநோக்கி. இருபது முப்பது மடங்குகூடப் பெருக்கிக் காட்டும். ஆனால் எதன்மேலாவது சாய்த்து வைக்காவிட்டால் ஆடிக்கொண்டே இருக்கும்.

கிரிமியப் போர் (1853–56) தொடங்கி அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) வரையிலான காலத்தில் ஃபீல்டு கிளாஸ் அதிகாரியின் அடையாளம் போலவே ஆகிவிட்டது. பெரும்பாலான அதிகாரிகள் இதைத் தங்கள் கைக்காசில்தான் வாங்கினார்கள். அதனால்தான் இந்தக் காலத்துக் கண்ணாடிகளில் ஒரே மாதிரியான அரசு முத்திரை அபூர்வம். வாங்கியவரின் வசதிக்கேற்ப, கடைக்கேற்ப, எல்லாம் வேறு வேறாக இருக்கும்.

செய்தது யார் என்று பார்த்தால் பாதி உலகத்துக்கும் பாரிஸ்தான். லெமேர், பார்தூ, ஷெவாலியே, கோல்மோன் ஆகிய பெயர்களைக் கண்வைக்கும் வளையத்தைச் சுற்றிப் பொறித்திருப்பார்கள். லெமேர் செய்ததில் ஒரு சின்னத் தேனீ முத்திரை இருக்கும். என் கையில் உள்ள ஒன்றில் அந்தத் தேனீ அரிசியளவுதான். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் இறக்கையில் நரம்புகூடத் தெரிகிறது. லண்டனில் ராஸ், டாலண்ட், நெக்ரெட்டி அண்டு ஜாம்ப்ரா போன்றவர்களின் பெயரில் விற்றவற்றில் கணிசமானவை பாரிஸில் செய்து வரவழைத்தவை. கடைக்காரர் பெயரும் செய்தவர் பெயரும் ஒன்றென்று நினைத்தால் வருடக் கணக்கு தப்பிவிடும்.

வருடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மிகவும் உதவுவது வரிச்சட்டம். அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890இல் வந்தது. அதன்பின் அந்த நாட்டுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டும் என்றானது. ஆகவே ‘ஃபிரான்ஸ்’ என்றோ ‘ஃபிரான்ஸில் செய்தது’ என்றோ ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது உள்நாட்டுப் போரில் லிங்கனின் படையோடு போயிருக்க வாய்ப்பே குறைவு. ‘பாரிஸ்’ என்று மட்டும் இருந்தால் முந்தியதாகவும் இருக்கலாம், பிந்தியதாகவும் இருக்கலாம். ‘யு.எஸ். ஆர்மி சிக்னல் சர்வீஸ்’ என்று பொறித்த லெமேர் கண்ணாடிகளை உள்நாட்டுப் போர்க் காலத்தவை என்று சொல்லியே விற்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை போர் முடிந்து வெகுகாலம் கழித்து வாங்கியவை. இது தெரிந்த வியாபாரிகளும் சொல்வதில்லை. தெரிந்துகொண்டு போவது நம் பொறுப்பு.

இந்தக் கண்ணாடிகளால் எவ்வளவு தூரம் பார்க்க முடிந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது லிட்டில் பிக்ஹார்ன் சம்பவம். 1876 ஜூன் 25. மொன்டானாவில் வுல்ஃப் மலைத்தொடரில் காக்கைக்கூடு என்று பெயர்பெற்ற ஒரு மேடு. அமெரிக்க ராணுவத்தின் ஏழாவது குதிரைப் படைக்கு வழிகாட்டிய க்ரோ இனத்து ஒற்றர்கள் விடியற்காலையிலேயே அங்கிருந்து லக்கோட்டா, ஷயான் பழங்குடி மக்களின் பெரிய குடியிருப்பைக் கண்டுவிட்டார்கள். அது அங்கிருந்து சுமார் 24 கிலோமீட்டர். குதிரை மந்தைகள் தெரிகின்றன என்றார்கள். உடனிருந்த லெப்டினன்ட் வார்னமின் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. புல்லில் புழுக்கள் ஊர்வது மாதிரி இருக்கும், அதைத் தேடு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போதும் அவருக்குத் தெரியவில்லை. பிறகு படைத்தலைவர் கஸ்டர் வந்தார். அவராலும் பார்க்க முடியவில்லை. அவருடைய படையில் சார்லஸ் டி ரூடியோ என்ற லெப்டினன்ட் இருந்தார். இத்தாலியர். 1858இல் பாரிஸில் மூன்றாம் நெப்போலியன்மேல் குண்டு வீசிய ஒர்சீனி சதியில் பங்கெடுத்துத் தண்டனை பெற்று, தப்பி அமெரிக்கா வந்தவர். படைப்பிரிவிலேயே நல்ல கண்ணாடி தன்னிடம் இருந்தது, அதைக் கஸ்டர் இரவல் வாங்கிக்கொண்டார் என்று அவர் பிற்காலத்தில் சொன்னார்.

கண்ணாடிக் கடைக்காரனாக இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குதிரையின் நீளத்தை 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24 கிலோமீட்டர் தூரத்தில் அது கண்ணில் உண்டாக்கும் கோணம், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆறுக்கு ஆறு பார்வை என்று நாங்கள் எழுதிக் கொடுக்கிறோமே, அந்தக் கண் பிரித்தறிவது ஒரு கலை வரை. நான்கு மடங்குக் கண்ணாடி வைத்தால் அந்தக் குதிரை ஒன்றே கால் கலைக்குச் சற்று மேலே போகும். அதாவது ஒரு புள்ளி. கால் தெரியாது, தலை தெரியாது. பழுப்புப் புல்வெளியில் கூட்டமாக நகரும் புள்ளிகளைக் குதிரை மந்தை என்று சொல்ல, அந்த நிலத்தோடு பிறந்து வளர்ந்த கண் வேண்டும். ஒற்றர்களுக்கு அது இருந்தது. ஒற்றர்கள் எச்சரித்ததைக் கஸ்டர் போதிய அளவு காதில் வாங்கவில்லை. அந்தக் குடியிருப்பைத் தாக்கப் போய், அன்று மாலைக்குள் அவரும் அவரோடு சென்ற இருநூற்றுக்கு மேற்பட்டவர்களும் மாண்டார்கள்.

அதனால்தான் இந்தக் கண்ணாடிகளை அலமாரியில் பூட்டிவைப்பது எனக்குப் பிடிக்காது. வெளியே எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். அடிவானத்தில் ஒரு மரத்தை, சாலையில் வரும் வண்டியை, சாயங்காலம் மேயும் மாடுகளை. அந்தக் காலத்துத் தளபதிகளுக்கு எது தெரிந்தது, எது தெரியாமல் போனது என்பது வரலாற்றுப் புத்தகத்தைவிட இதில் சீக்கிரம் புரியும்.

இன்னொரு விஷயமும் பார்த்தால்தான் தெரியும். கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். எங்கள் கடையில் முதலில் அளப்பது அதைத்தான். பழைய ஃபீல்டு கிளாஸ்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு குழல்களும் அசையாத பாலத்தில் பொருத்தியவை. அகட்டவும் முடியாது, ஒடுக்கவும் முடியாது. என் கண்ணுக்குச் சுகமாக இருப்பது என் மனைவி பார்த்தால் இரண்டு வட்டமாகப் பிரிந்து நிற்கும். ஆகவே வாங்கும்போது நீங்களே பார்க்க வேண்டும். நண்பர் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னதை வைத்து வாங்கக் கூடாது.

சில கண்ணாடிகளில் சிறிய திருகு ஒன்றைச் சுழற்றினால் ‘தியேட்டர்’, ‘ஃபீல்டு’, ‘மெரீன்’ என்று மூன்று சொற்கள் மாறி மாறி வரும். உள்ளே மூன்று ஜோடிக் கண்லென்ஸ்கள் சுழன்று உருப்பெருக்கத்தை மாற்றுகின்றன. அழகான வேலைப்பாடு. ஆனால் சுழலும் அச்சு தேய்ந்துபோனால் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்காது. இவற்றை நான் அரிதாகவே வாங்குகிறேன்.

1894இல் ஜெர்மனியின் யேனா நகரத்தில் கார்ல் ட்ஸைஸ் நிறுவனம் முப்பட்டகம் வைத்த பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இக்னாட்ஸியோ போர்ரோ என்ற இத்தாலியர் 1854இலேயே கண்டுபிடித்த முப்பட்டக அமைப்பை எர்ன்ஸ்ட் அபே எடுத்துச் செம்மைப்படுத்தியிருந்தார். சின்ன உடம்பு, எட்டு மடங்கு உருப்பெருக்கம், அகன்ற பார்வைப் பரப்பு. கலிலியோ வகையின் காலம் முடியத் தொடங்கியது அன்றுதான். ஆனாலும் ஒரே நாளில் முடிந்துவிடவில்லை. அதற்குக் காரணம் வெளிச்சம். கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கைந்து பங்கு வெளிச்சம் திரும்பிப் போய்விடும். பழைய வகையில் அப்படி நான்கே பரப்புகள். நூற்றில் 85 பங்கு போல வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேரும். முப்பட்டக வகையில் குறைந்தது பத்துப் பரப்புகள், ஏறத்தாழ 65 பங்குதான் மிஞ்சும். இதைத் தடுக்கும் மேற்பூச்சை ட்ஸைஸ் கண்டுபிடித்தது 1935இல்தான். அதுவரை அந்தி மயங்கும் நேரத்தில் அகலமான முன்லென்ஸ் கொண்ட பழைய கண்ணாடியையே நம்பிய மாலுமிகள் உண்டு. சாயங்காலம் தேம்ஸ் கரையில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறேன். பழைய கண்ணாடியில் படகின் நிறம் தெரியும்போது, ஆரம்பகால முப்பட்டகக் கண்ணாடியில் சாம்பல் உருவம்தான் தெரியும்.

இனி தோலுறை. தோல் தொழில் ஊரான ஆம்பூரிலிருந்து வந்தவனுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது.

குழல் மேல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் மொராக்கோ என்ற ஆட்டுத்தோல். வெளியே இருக்கும் பெட்டி தடித்த மாட்டுத்தோல். பெட்டியைத் திறந்ததும் விரலில் செங்கல்பொடி போல ஒட்டிக்கொண்டு வந்தால், அந்தத் தோல் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிட்டது என்று பொருள். இங்கே இதைச் சிவப்பு அழுகல் என்கிறார்கள். நூலகங்களில் தோல் அட்டை போட்ட புத்தகங்களுக்கும் இதே நோய் வந்து பெரிய தலைவலியாகி, லண்டன் கலைக் கழகம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்து 1901இல் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவிலிருந்து பட்டைகளால் பதனிட்டு வந்த ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் சீக்கிரம் சிதைகின்றன, சுமாக் இலையில் பதனிட்டது நீண்டகாலம் நிற்கிறது என்று அதில் கண்டார்கள். எரிவாயு விளக்குப் புகையில் இருந்த கந்தகமும் தோலை அரித்தது என்றார்கள். அந்த இந்தியப் பட்டைகளில் முக்கியமானது நம் ஆவாரம்பட்டை. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாக லண்டனுக்கு வந்தது. லண்டனின் தோல் வணிகம் நடந்த இடம், இன்று நான் பைனாகுலர் தேடி நடக்கும் இதே பெர்மண்ட்சி. 1833இல் கட்டிய தோல் சந்தைக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. என் கையிலிருக்கும் உறை எதுவும் எங்கள் பக்கத்து ஆட்டின் தோல் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் நடக்கும்போது ஊர் நினைவு வராமல் இருந்ததில்லை.

உளுத்த தோலுக்கு எண்ணெய் தடவாதீர்கள். கறுத்துப் பிசுபிசுத்து, தையல் நூலையும் கெடுக்கும். ஆல்கஹாலில் கரைத்த க்ளூசெல் ஜி என்ற செல்லுலோஸ் பசையை மெல்லத் தடவினால் பொடி உதிர்வது அடங்கும். ஆவணக் காப்பகங்களில் செய்வது இதைத்தான். போன தோல் திரும்பாது, மிச்சமிருப்பது நிற்கும். பித்தளையையும் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். கறுப்பு அரக்குப் பூச்சு ஆங்காங்கே தேய்ந்து மஞ்சள் தெரிவது எத்தனையோ விரல்கள் பிடித்த இடம். அதைத் தேய்த்து எடுத்தால் கண்ணாடியின் வயதை அழித்த மாதிரிதான். தோலும் பித்தளையும் சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு கட்டியிருந்தால் மட்டும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம்.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உத்தராகண்ட் மாநிலத்து ரூர்க்கியில் பித்தளைத் தொலைநோக்கிகளும் திசைகாட்டிகளும் பழைய பாணியில் செய்து ஏற்றுமதி ஆகின்றன. செய்பவர்கள் அலங்காரப் பொருளாக நேர்மையாகத்தான் விற்கிறார்கள். நடுவில் வாங்கி, பழையது என்று கைமாற்றுபவர்கள்தான் குற்றவாளிகள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அசல் கண்ணாடியில் முன்லென்ஸ் இரண்டு மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது. விளக்கைப் பிரதிபலிக்க வைத்தால் முன்பரப்பிலும் பின்பரப்பிலும் பளிச்சென்ற இரண்டு விளக்குகளும், ஒட்டிய இடத்திலிருந்து மங்கலாக இன்னொன்றும் தெரியும். போலியில் அந்த மங்கல் விளக்கு இருக்காது, ஒற்றை லென்ஸ்தான். அதன் வழியாகப் பார்த்தால் வெள்ளைச் சுவரின் விளிம்பில் ஊதாவும் மஞ்சளும் கசியும். பொறித்த எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருந்து, சுற்றியுள்ள பித்தளை மட்டும் தேய்ந்திருந்தால், எழுத்து பின்னால் வந்தது. புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயர் இருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

எழுத்துப் பொறிப்பில் நம்பத் தகுந்த ஒரு வகையும் உண்டு. 1914இல் போர் மூண்டதும் பிரிட்டனில் பைனாகுலர் பஞ்சம் வந்தது. நல்ல முப்பட்டகக் கண்ணாடியும் லென்ஸ் செய்யும் கண்ணாடியும் அதுவரை பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தவை. வீட்டில் இருக்கும் கண்ணாடிகளைப் படைக்கு இரவல் தாருங்கள் என்று ராபர்ட்ஸ் பிரபு மக்களிடம் கேட்டார். 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். மக்கள் பாட்டன் காலத்துக் கண்ணாடிகளைக்கூட எடுத்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவிலும் அப்போது கடற்படைத் துணைச் செயலராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இப்படியே கேட்டார். ஒரு கண்ணாடிக்கு ஒரு டாலர் வாடகை, போர் முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று சொல்லி வாங்கினார்கள். இப்படி ஒரு தலைமுறை கழித்து மறுபடி போருக்குப் போன பழைய கண்ணாடிகளில் எண்களும், பிரிட்டனில் அரசு உடைமை என்று காட்டும் அம்புக்குறியும் இருக்கும். புகழ்பெற்ற பெயர் எதுவும் இல்லாத அந்த எண்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.

நம் ஊரில் இப்படி ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் முதல் எதிரி ஈரம். தோலுறைக்குள் மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி நூல் போல வெள்ளையாகப் படர்ந்து கண்ணாடியையே அரிக்கும். கண்ணாடியை வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் பையோடு மூடியிட்ட டப்பாவில் வையுங்கள், உறையைக் காற்றோட்டமாகத் தனியே வையுங்கள். நூறு ஆண்டு தாண்டியதாக இருந்தால் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அது யாருடையது, எந்தப் படையில் இருந்தவர், வீட்டுக்கு எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்டு, கேட்டதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, கண்ணாடியோடு சேர்த்து வையுங்கள். சந்தையில் என் கைக்கு வரும் கண்ணாடிகளில் அப்படி ஒரு தாளோடு வருவது மிக அரிது.